இரண்டாவது இசபெல்லா

புதுவாழ்வு மருத்துவமனை,
சாத்தான்குளம் வழி.
12-8-1974

அன்புள்ள பிலோ,

வீட்டுக்கு எழுதக் கூடாது என்று நீ சொன்னதால் இதையும் உன் பள்ளிக்கூட முகவரிக்கே அனுப்புகிறேன். உறையின் மேல் எங்கள் முத்திரை விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆபீஸ் ஜெயசிங் ஐயா சிரித்துக்கொண்டே, "சரிம்மா, வெறும் தபால்தலைதான்" என்றார். இதை அவரிடம் நான் கேட்பது எத்தனையாவது தடவை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் நெகட்டிவ். போன வாரம் காதுமடலில் கீறி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்தார்கள். மூன்றாவது வருடமாக ஒரு கிருமிகூட இல்லை. கன்னத்தில் இருந்த படை மறைந்துவிட்டது. இடது கையில் இரண்டு விரல் மடங்கியது மடங்கியதுதான். ஆபரேஷன் செய்து பாதி நிமிர்த்தியிருக்கிறார்கள். வலது உள்ளங்காலில் உணர்ச்சி இல்லாததால் ரப்பர் செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது. மற்றபடி நான் உன்னைப் போலத்தான். என்னிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. இதை டாக்டர் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருவார்.

இங்கே சட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் வந்தவர்களை வைத்துக்கொள்வார்கள். இப்போது, கிருமி இல்லாதவர்கள் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிடலாம், கட்டில் புதிதாக வருகிறவர்களுக்கு வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். நவம்பர் முப்பதுக்குள் எங்கள் வார்டில் பதினோரு பேர் வெளியேற வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் நேரில் வந்து பொறுப்பேற்புப் படிவத்தில் ஒப்பமிட்டுக் கூட்டிப்போக வேண்டும். யாரும் வராதவர்களை வடக்கே அரசாங்க மறுவாழ்வு இல்லம் ஒன்றுக்கு வேனில் ஏற்றி அனுப்புவார்கள். அங்கே போனவர்களிடமிருந்து இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.

அப்பா இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறையாவது வந்து அந்த வாகை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அதன்பிறகு நீயும் வரவில்லை. அம்மா எட்டு வருடத்தில் ஒரு தடவையும் வரவில்லை. குற்றம் சொல்ல எழுதவில்லை. இப்போது ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் பேசு. நெகட்டிவ் என்றால் என்ன என்று விளக்கமாகச் சொல். அதற்கு 'இல்லை' என்று அர்த்தம் என்று கேட்டால், நானே இல்லை என்றாகிவிட்டது என்று நினைத்து அழப்போகிறாள்.

உன் அக்கா,
இசபெல்லா


தூத்துக்குடி,
30-8-1974

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மணி அடிக்கும்வரை பிரிக்கவில்லை. பிரித்த பிறகு அடுத்த வகுப்புக்குப் போகவும் இல்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு நூலக அறையில் உட்கார்ந்து நான்கு முறை படித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை முதலில் எழுதிவிட வேண்டும். ஏனென்றால் இதற்குப் பிறகு எழுதப்போவது எதுவும் சந்தோஷப்பட்டவள் எழுதுவது போல் இருக்காது.

அம்மாவிடம் சொன்னேன். மாதா திருவிழா முடிந்து தெரு வெறிச்சென்று கிடந்த ஒரு மத்தியானம், அவள் கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். விளக்கித்தான் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டது ஒன்றுதான். "மூஞ்சில தெரியுதா?" தெரியாது, படை மறைந்துவிட்டது என்றேன். "கையில?" என்றாள். இரண்டு விரல் என்றேன். கூடையில் இருந்த மீன் முழுவதற்கும் உப்புத் தடவி முடித்தாள். கடைசியில், "கொஞ்சம் பொறுக்கச் சொல்லு ளா. இப்பம் வேண்டாம். தைக்கு அப்புறம் பாப்போம்" என்றாள்.

ஏன் தைக்கு அப்புறம் என்றால், வீட்டில் ஒரு நல்ல காரியம் பேச்சில் இருக்கிறது. வீரபாண்டியன்பட்டணத்துக் குடும்பம். பையன் புதுத் துறைமுகத்தில் கிளார்க். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அது முடியும்வரை வீட்டில் புதிதாக எதுவும் நடக்க வேண்டாம் என்பது அம்மாவின் எண்ணம்.

தை வரை உன்னை வைத்துக்கொள்ள முடியுமா என்று ஜெயசிங் ஐயாவைக் கேட்டுப்பார்க்கிறாயா? இரண்டு மாதம்தானே. எட்டு வருடம் இருந்தவளிடம் இரண்டு மாதம்தானே என்று எழுதுகிறேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் அடிக்காமல் விடுகிறேன். அடித்தால் இன்னும் மோசமாகத் தெரியும்.

நான் வராததற்குக் காரணம் எதுவும் இல்லை. வேலை என்று எழுதலாம். வேலை இல்லை.

உன் தங்கை,
பிலோமினா


புதுவாழ்வு மருத்துவமனை,
14-9-1974

பிலோ,

'ஒரு நல்ல காரியம்' என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு என்று எழுதவில்லை. வீட்டில் அம்மாவும் நீயும்தான் இருக்கிறீர்கள். அம்மாவுக்காக இருக்காது என்று நினைக்கிறேன்.

உனக்கென்று எழுத உனக்கு ஏன் இவ்வளவு வெட்கம்? அல்லது பயமா? நான் சந்தோஷப்படமாட்டேன் என்று நினைத்தாயா? சந்தோஷப்பட்டேன். பையன் வீட்டார் வந்தபோது என்ன புடவை கட்டினாய், அவர் ஏதாவது பேசினாரா என்று நாலு வரி எழுதியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஜெயசிங் ஐயாவிடம் கேட்டேன். முடியாது என்றார். அவர் கையில் இல்லை. படிவத்தில் தேதி அச்சடித்து வந்திருக்கிறது.

இப்போது வேறொரு விஷயம். படித்துவிட்டு நீயே பதில் சொல்.

போன செவ்வாய்க்கிழமை வெளிநோயாளிப் பகுதிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவள் காலில் இருந்த புண்ணைக் கழுவ ஜெபசெல்வி சிஸ்டர் கூப்பிட்டதால் நான் தண்ணீர்ப் பாத்திரத்தோடு போனேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் அலறிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறிவிட்டாள். ஒரு கையால் சிலுவை போடுகிறாள், இன்னொரு கையால் சிஸ்டரின் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். நம் தெரு முனையில் மீன் விற்ற அந்தோணியம்மாள்தான். எனக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது.

"ஏளா, நீ தண்டேல் மவ இசபெல்லாதான?"

ஆமாம் என்றேன்.

"நீதான் செத்துட்டியே ளா!"

சிஸ்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தோணியம்மாள் சிரிக்கவில்லை. "கொழும்புல போய்ச் செத்துட்டன்னுல்லா உங்க வீட்டுல துக்கம் கேட்டோம். வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு உன் பேர வாசிக்காவ. நானே உனக்காவ மூணு அருள்நிறை மந்திரம் சொல்லுவேன். இங்கன உக்காந்து கஞ்சி குடிச்சிக்கிட்டா கெடக்க?"

அன்று முழுவதும் வார்டில் இதுதான் பேச்சு. என் பக்கத்துக் கட்டில் கிருபை, "அக்கா, நீங்க செத்தவங்கன்னா உங்க பங்குக் கஞ்சிய எனக்குத் தாங்க" என்கிறாள். நானும் வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். எட்டு வருடம் பூசை ஒப்புக்கொடுத்திருந்தால் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து எப்போதோ மோட்சத்துக்குப் போயிருப்பேன், இங்கே தவறி வந்துவிட்டேன் என்றெல்லாம்.

ஆனால் சாயங்காலம் புண் கழுவும் அறையை நான் கூட்டவில்லை. இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. சிஸ்டரே கூட்டினார்.

அந்தோணியம்மாள் பொய் சொல்கிறவள் இல்லை. யார் என் பேரைக் கொடுத்தது?

இசபெல்லா


தூத்துக்குடி,
2-10-1974

அன்புள்ள அக்கா,

நான்தான்.

இந்த ஒரு சொல்லை எழுத பதினைந்து நாள் ஆகிவிட்டது. இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இடையில் எனக்காக எதுவும் பேசமாட்டேன்.

நீ போனது 1966 ஜூன். கொழும்பில் அப்பாவின் அக்கா, உனக்கு ஞானஸ்நானம் பிடித்தவள், உன் பேருக்குச் சொந்தக்காரி, படுக்கையில் கிடந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள நீ அப்பா தண்டேலாக இருந்து ஓட்டிய தோணியில் கொழும்புக்குப் போய்விட்டதாகத் தெருவில் சொன்னோம். அது அப்பாவின் யோசனை. உனக்கும் தெரியும். அக்டோபரில் அத்தை இறந்தாள். அப்பா கொழும்பில் அடக்கத்தை முடித்துவிட்டு வந்தார்.

நவம்பர் பிறந்ததும் கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க மரித்தவர்களின் பட்டியல் எழுத வேண்டும். நம் வீட்டில் எனக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள். எனக்குப் பதினாறு வயது. தாத்தா பேர், பெரிய தாத்தா பேர், கடலில் போன சித்தப்பா பேர் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் 'இசபெல்லா' என்று எழுதினேன். அப்படியே. எந்த இசபெல்லா என்று எழுதவில்லை. எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை. மற்றவர்களுக்கும் உறவு எழுதுவதில்லை. பேரை மட்டும்தான் எழுதுவோம். நமக்கு யார் யார் என்று தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். மைக்கில் கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்பதை நான் நினைக்கவில்லை.

கோயில் உபதேசியார் பாஸ்கல் வாசித்தார். பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் தெருப் பெண்கள் வாசலில் நின்றார்கள். "அடிப் பாவி மவளே, நம்ம இசபெல்லாவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். உன்னை அனுப்பிய நாளிலிருந்து அழுகையை அடக்கி வைத்திருந்தவள் அம்மா. யாரிடமும் அழ முடியாமல் இருந்தவள். அவர்கள் கட்டிக்கொண்டதும் உடைந்துபோனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். 'அது அத்தை' என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அழுதுகொண்டே என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் சொல்லவில்லை.

அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லவில்லை. நம் வீட்டில் ஒருவர்கூட 'இறந்துவிட்டாள்' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. பேசாமல் இருந்தோம். அப்பாவும் பேசாமல் இருந்தார். உன்னைப் பார்க்க வந்த அந்த ஐந்து வருடமும் அவருக்கு இது தெரியும்.

அடுத்த வருடமும் நான்தான் எழுதினேன். அப்போது எனக்குத் தெரிந்துதான் எழுதினேன். அதற்கு அடுத்த வருடமும். அப்பா இறந்த பிறகு உன் பேருக்கு மேலே அப்பா பேரையும் எழுதினேன். உன் பேருக்கு என்று எழுதிவிட்டேன், பார். நான் நினைப்பதே அப்படி ஆகிவிட்டது. அத்தைக்காக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் தடவைக்குப் பிறகு ஒருமுறைகூட அத்தையின் முகத்தை நினைத்து நான் அந்தப் பேரை எழுதியதில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்கு, எனக்கு ஒரு அக்கா இருந்து கொழும்பில் இறந்துபோனதாகத் தெரியும். நாங்கள் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் பேசியது மூன்று நிமிடம். என்ன புத்தகம் படிக்கிறாய் என்று கேட்டார். அதற்குப் பிறகு, "அக்கா தவறினது ரொம்ப வருத்தமா இருந்திருக்குமே" என்றார். நான் ஆமாம் என்றேன்.

நீலப் புடவை. நீ கேட்டாய் அல்லவா.

பிலோ


புதுவாழ்வு மருத்துவமனை,
12-10-1974

பிலோமினா,

பிள்ளைகளின் கட்டுரையில் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழிக்கிறவள் நீ. உன் பிழை எட்டு வருடம் மைக்கில் வாசிக்கப்பட்டிருக்கிறது.

அம்மா அழுதாள், கையைப் பிடித்தாள், எல்லாம் புரிகிறது. முதல் வருடத்துக்கு நான் உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன். மற்ற ஏழு வருடமும் எனக்கு மாதம் தவறாமல் கடிதம் எழுதினாயே, 'அன்புள்ள அக்கா, நலம், நலமறிய ஆவல்' என்று. நவம்பர் மாதக் கடிதங்களை இப்போது எடுத்துப் பார்த்தேன். 1970 நவம்பர் ஐந்தாம் தேதி எழுதியிருக்கிறாய். மூன்று நாளுக்கு முன்பு என்னைச் செத்தவர்களோடு எழுதிய அதே பேனாவா?

ஒன்று சொல்கிறேன், கேள். இந்த வருடமும் அப்படியே எழுதிக்கொடு. மாற்றாதே. உன் கல்யாணம் நடக்கட்டும். செத்தவள் திரும்பி வந்து தங்கையின் கல்யாணத்தைக் கெடுத்தாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். இங்கேயே புண் கழுவும் அறையில் ஆயாவாக இருக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். ஆயா வேலைக்கு இடமில்லை. வேன் நவம்பர் முப்பதாம் தேதி காலையில் புறப்படுகிறது. என்னோடு ஏழு பேர். கிருபையும் வருகிறாள், அவள் புருஷன் வேறு பெண்ணைக் கட்டிவிட்டான்.

இனி எழுத வேண்டாம். எனக்குக் களைப்பாக இருக்கிறது. கோபம்கூட ஒரு நாளுக்கு மேல் நிற்கமாட்டேன் என்கிறது.

இசபெல்லா


தூத்துக்குடி,
10-11-1974

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பிரிக்காமல் போட்டுவிடாதே. இதில் உன் விஷயம் இருக்கிறது.

நவம்பர் ஒன்றாம் தேதி மத்தியானம் அம்மா வழக்கம்போலத் தாளையும் உறையையும் கொண்டுவந்து வைத்தாள். எழுதினேன். தாத்தா, பெரிய தாத்தா, சித்தப்பா, அப்பா. அதற்குக் கீழே: 'இசபெல்லா, சூசை தண்டேலின் அக்கா, 1966இல் கொழும்பில் மரித்தவர்.' அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வரி நீளமாக இருப்பதை மட்டும் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

இன்னொரு தாளில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எழுதினேன். 'எட்டு வருடச் சிகிச்சைக்குப் பின் சுகமடைந்த எங்கள் மகள் இசபெல்லாவுக்காக நன்றி.' இரண்டையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உபதேசியார் பாஸ்கல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா டீச்சர், சனிக்கிழம செத்தவ ஞாயித்துக்கிழம எப்பிடிச் சொகமானா?"

"ரெண்டும் வேற வேற இசபெல்லா உபதேசியாரே."

"அப்பம் எட்டு வருசமா நான் யாருக்கு வாசிச்சேன்?"

"அத்தைக்கு."

"நான் ஒங்க அக்காவுக்குன்னுல்லா நெனச்சு வாசிச்சேன்" என்றார். பிறகு, "என்ன சிகிச்ச?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதை அவர் தெரியாமல் செய்தார் என்றே நினைக்கிறேன். பங்குச் சாமியாரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். திரும்பி வந்து, "சாமி வாசிக்கச் சொல்லிட்டாங்க" என்றார்.

சனிக்கிழமை நீளமான வரி வாசிக்கப்பட்டபோது இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் திரும்பினார்கள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். பூசை முடியும்வரை முட்டிபோட்ட இடத்திலிருந்து எழவில்லை. எல்லோரும் எழுந்து நின்றபோதும் அவள் எழவில்லை.

அன்று மத்தியானம் பெண்கள் வந்தார்கள். முன்பு வந்த அதே பெண்கள்தான். இரண்டு பேர் குறைவு, அவர்கள் இப்போது பட்டியலில் இருக்கிறார்கள். யாரும் உள்ளே வரவில்லை. மெட்டில்டா மாமி வாசலில் நின்றபடி, "அப்பம் நாங்க அழுத அழுகைக்கு என்ன கணக்கு? அதத் திருப்பிக் குடு" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. போகும்போது, "சொகமாயிட்டாளா, நெசமாவே?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனாள். வேறு சிலர் இப்போது நம் வீட்டுக் கருவாட்டை வாங்குவதில்லை.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை. செய்தி அவர்களுக்குப் போயிருக்கும். எனக்கு எதிர்பார்ப்பு இல்லை என்று எழுதப் பார்த்தேன். அது பொய். தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வாசலில் புதுச் செருப்பு கிடக்கிறதா என்று பார்க்கிறேன்.

இதை உனக்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கல்யாணமாகி அவரோடு ஒரு வீட்டில் இருந்துகொண்டு, நவம்பர் தோறும் அந்தப் பேரை எழுத என்னால் முடியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

நான் படிவத்தில் கையெழுத்துப் போட வருகிறேன். முப்பதாம் தேதிக்கு முன்னால் வரும் கடைசி விடுமுறை இருபத்திநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் திறந்திருக்குமா என்று மட்டும் எழுது. அம்மா உன்னை வீட்டில் விடாவிட்டால், நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை காலியிருக்கிறது, மனுப் போட்டிருக்கிறேன். ஒரு அறை கிடைத்தால் போதும்.

பிலோ


புதுவாழ்வு மருத்துவமனை,
22-11-1974

அன்புள்ள பிலோ,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். ஆபீஸ் திறந்திருக்காது. தேவையும் இல்லை.

நேற்று அம்மா ஏரல் சந்தைக்குப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டாளாமே. ஏரலில் பஸ் மாறி இங்கே வந்துவிட்டாள்.

பத்து மணி இருக்கும். கேட்டில் ஒரு கிழவி நிற்கிறாள், யாரைப் பார்க்க என்று சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். அம்மா இவ்வளவு குறுகிப்போனதை நீ எனக்கு எழுதவே இல்லை. தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "இம்புட்டுக் கறுத்துட்ட" என்றாள். இந்தத் தேரிச் செம்மணல் வெயிலில் எட்டு வருடம் இருந்தால் கறுக்காமல் என்ன செய்யும் என்றேன். "வாய் மட்டும் அப்பிடியே இருக்கு" என்றாள்.

ஜெபசெல்வி சிஸ்டர் கண்ணாடித் தம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். யார் குடித்த தம்ளரோ என்ற நினைப்பு. காப்பி ஆறி ஆடை படிந்த பிறகு ஒரே மூச்சில் குடித்தாள், மருந்து குடிக்கிற மாதிரி. பிறகு, "கையக் காட்டு" என்றாள். காட்டினேன். தொடுவாள் என்று நினைத்தேன். தொடவில்லை. தன் கையைப் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தாள். உப்பிலும் கத்தியிலும் கிடந்து அவள் விரல்களும் வளைந்துதான் இருக்கின்றன. "எனக்கும் நிமிரல" என்றாள்.

ஆபீசில் ஜெயசிங் ஐயா உள்ளே இருந்தார். மேசையில் புதிதாக வந்திருக்கும் சத்தியராஜ் என்ற கிளார்க். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நன்றாகத் துவைத்த வெள்ளைப் புடவையில் நிற்கிறேன். அம்மா பஸ்ஸில் வந்த அழுக்கோடு, கையை முந்தானைக்குள் மறைத்தபடி நிற்கிறாள். அவர் படிவத்தில் 'நோயாளி' என்ற கட்டத்துக்கு நேராக மைப் பெட்டியை அம்மாவிடம் நகர்த்தி, "பாட்டி, இங்கன பெருவிரல் வைங்க" என்றார். பேனாவை என்னிடம் நீட்டி, "நீங்கதான் கூட்டிட்டுப் போறவங்களா?" என்றார்.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா விரலை வைத்துவிட்டாள். நோயாளியின் கட்டத்தில். நல்ல அழுத்தமாக.

சத்தியராஜ் தம்பிக்கு விஷயம் புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்று, "மன்னிச்சுக்கிடுங்கம்மா, வேற படிவம் எடுக்கேன்" என்றார். ஜெயசிங் ஐயா வெளியே வந்து பார்த்தார். வேறு படிவம் இல்லை, எண்ணித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அம்மா பயந்துபோய், "இது செல்லாதா ஐயா? நான் நாலு பஸ் மாறி வந்திருக்கேன்" என்றாள். நாலு இல்லை, இரண்டுதான். ஐயா படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, "செல்லும்மா" என்றார். 'தாய்' என்று அந்த ரேகைக்குப் பக்கத்தில் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். உறவினர் என்ற கட்டத்தில் நான் என் பேரை எழுதினேன். அம்மாவுக்கு நான் பொறுப்பேற்றுக்கொண்டதாக அந்தப் படிவம் இருக்கிறது.

டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் கையெழுத்திடுவார். புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கிருபைக்கு யாரும் வரவில்லை. அவளிடம் இதைச் சொல்ல இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி எழுதப்போவதை நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மா எழுதச் சொன்னாள். "நான் அவகிட்டப் பேசுதது இல்ல, நீ எழுதிரு" என்றாள். வீரபாண்டியன்பட்டணத்திலிருந்து போன வெள்ளிக்கிழமையே ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பையனுக்கு இஷ்டம்தானாம், அவன் அம்மாதான் கூடாதென்று இருக்கிறாளாம். அது உண்மையோ, மரியாதைக்குச் சொன்னதோ தெரியவில்லை. ஒரு வாரமாக அம்மா இதை வைத்துக்கொண்டுதான் உனக்குச் சோறு போட்டு நகர்ந்திருக்கிறாள். உன்மேல் கோபம் மட்டுமில்லை, பிலோ. உன் முகத்தைப் பார்த்தால் சொல்லவேண்டி வருமே என்ற பயமும்தான்.

நான் வெளியே வருகிற செய்தியையும் இதையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்பதா, உன்னை மன்னிப்பதா என்றும் தெரியவில்லை. இரண்டையும் வந்து பார்த்துக்கொள்வோம்.

நாசரேத் மனுவைத் திரும்ப வாங்காதே. வேலை கிடைத்தால் மூன்று பேருமாகப் போய்விடலாம்.

இன்றைக்கு ராத்திரி அழத்தான் செய்வாய். அழு. ஆனால் முழுதையும் தனியாக முடித்துவிடாதே. புதன்கிழமை மத்தியானம் நான் வந்துவிடுவேன்.

உன் அக்கா,
இசபெல்லா